ஏழு மணி ஆனால் முனகும் ரேடியோ

பாட்டிக்கு ஒரு ரேடியோ செய்து கொடுத்தேன். கடையில் வாங்கியிருந்தால் அரைமணி நேரத்தில் முடிந்திருக்கும் வேலை. ஆனால் தாத்தா காலத்து மரப்பெட்டி ரேடியோ ஒன்று பரணில் கிடந்தது, உள்ளே எலி குடும்பம் நடத்திவிட்டுப் போனதில் பெட்டி மட்டும்தான் உருப்படியாக மிஞ்சியிருந்தது, சத்தம் அந்தப் பெட்டியிலிருந்துதான் வர வேண்டும் என்று பாட்டிக்குப் பிடிவாதம். எனக்கும் சால்டரிங் அயனைத் தொட்டு நாளாகியிருந்தது. சரி என்று உட்கார்ந்தேன்.

உள்ளே வைத்தது பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு எஃப்.எம். போர்டு, 5 வோல்ட்டில் ஓடும் சின்ன ஆம்ப்ளிஃபயர், பழைய டிவியிலிருந்து கழற்றிய ஸ்பீக்கர். கரண்டுக்கு, ஒரு காலத்தில் எல்லா வீட்டிலும் இருந்த பேட்டரி எலிமினேட்டர் மாதிரி நானே ஒன்று கட்டினேன்: 9 வோல்ட் டிரான்ஸ்பார்மர், நாலு டயோடு, 1000 மைக்ரோஃபாரட் கண்டன்சர், கடைசியில் வோல்டேஜை ஐந்தில் நிறுத்த 7805 என்ற மூன்று கால் ரெகுலேட்டர் ஐசி. நாகர்கோவில் வானொலி 101-இல் கணீரென்று கேட்டது. பாட்டிக்குச் சந்தோஷம். எனக்கு அதைவிட.

எங்கள் வீடு திருவட்டாறு பக்கம், ரப்பர் தோட்டத்துக்குள் போகும் ஒற்றைச் சாலையின் முடிவில். மின்கம்பி வரிசையிலும் கடைசி வீடு எங்களுடையதுதான். இதை நான் கணக்கில் எடுக்கவே இல்லை.

முதல் வாரத்திலேயே இரண்டு புகார் வந்தது. உச்சிப்பொழுதில் சத்தத்தைக் கூட்டி வைத்தால் ரேடியோ விட்டு விட்டுப் பாடுகிறது, திக்குவாய் மாதிரி. இது ஒன்று. சாயங்காலம் ஏழு மணி ஆனால் பாட்டுக்கு அடியில் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல், ஒன்பதரைக்கு மேல் தானாகவே போய்விடுகிறது. இது இரண்டாவது. "என்னது மக்களே, உள்ள வண்டு கிடக்கா?" என்று பாட்டி பெட்டியைத் தட்டிப் பார்த்திருக்கிறாள்.

எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். ஐசி மோசம் என்று முடிவுகட்டி, நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறி, வழக்கமாகப் போகும் பார்ட்ஸ் கடையில் இன்னொரு 7805 கேட்டேன். கடை அண்ணாச்சி எடுத்துக் கொடுக்காமல் என்னையே பார்த்தார். "தம்பி, அது வெளிய அஞ்சு குடுக்கலன்னு சொல்லுதிய. உள்ள எவ்வளவு வருதுன்னு பாத்தியளா?" பார்க்கவில்லை. மல்டிமீட்டரை வெளிப்பக்கத்தில் மட்டும்தான் வைத்திருந்தேன், அதுவும் காலையில், எல்லாம் ஒழுங்காக இருந்த நேரத்தில்.

அண்ணாச்சி கேட்ட ஒரு கேள்விக்காக இரண்டு வாரம் கிறுக்குப் பிடித்த மாதிரி திரிந்தேன். அதில் எனக்குப் பிடிபட்டதை எழுதி வைக்கிறேன், ஏனென்றால் கல்லூரியில் இதே சமாச்சாரத்தை ஒரு கட்டம், ஒரு அம்புக்குறி, மறுபடி ஒரு கட்டம் என்று வரைந்து மதிப்பெண் வாங்கியவன்தான் நான். வரைந்தேனே தவிர, அந்தக் கட்டத்துக்குள் என்ன நடக்கிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

முதலில் ஒரு தப்பெண்ணத்தைக் கழற்றி வைக்க வேண்டும். 7805 ஐந்து வோல்ட்டை 'உண்டாக்கித் தருகிறது' என்றுதான் நம்மில் பாதிப்பேர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது எதையும் உண்டாக்குவதில்லை. வருவதிலிருந்து குறைப்பது ஒன்றுதான் அதற்குத் தெரிந்த வேலை. கூட்டத் தெரியாது.

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் பேப்பரைத் திறந்தால் பேச்சிப்பாறை அணை இன்று எத்தனை அடி, பெருஞ்சாணி எத்தனை அடி என்று ஒரு மூலையில் போட்டிருப்பார்கள். பேச்சிப்பாறை நிரம்பினால் 48 அடி. மழைக்காலத்தில் ஒரு மட்டம், சித்திரையில் ஒரு மட்டம். ஆனால் கால்வாயில் போகிற தண்ணீர் அணையின் மனநிலைக்குத் தக்கபடி போக முடியாது, வயலுக்கு வேண்டியது ஒரே அளவு. அதனால் நடுவில் ஒரு ஷட்டர், அதைத் திருகிக் கூட்டிக் குறைக்க ஒரு ஆள். அந்த ஆள் அணையைப் பார்த்துக்கொண்டு நின்றால் வேலை நடக்காது. கால்வாய்க்குள் நட்ட அளவுகோலைப் பார்க்க வேண்டும். கோட்டுக்குக் கீழே தண்ணீர் இறங்கினால் ஷட்டரை ஒரு திருகு திறக்க வேண்டும், மேலே ஏறினால் ஒரு திருகு மூட வேண்டும். அணையில் மட்டம் குறைந்ததாலா, கீழே இன்னொருவர் மடையைத் திறந்ததாலா என்று அவர் ஆராயத் தேவையே இல்லை. எதனால் குறைந்தாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான்.

7805 மாதிரியான லீனியர் ரெகுலேட்டர் இவ்வளவுதான். ஷட்டர் என்பது உள்ளே வரும் கம்பிக்கும் வெளியே போகும் கம்பிக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் ஒரு தடித்த டிரான்சிஸ்டர். அளவுகோல் என்பது வெளியே போகும் வோல்டேஜைப் பங்கிட்டுக் காட்டும் இரண்டு ரெசிஸ்டர். கோடு என்பது ஐசிக்குள் இருக்கும் ஒரு நிலையான ஒப்பீட்டு வோல்டேஜ். ஷட்டர்க்காரர், பிழையைப் பெருக்கிக் காட்டும் ஒரு ஆம்ப்ளிஃபயர்.

7805-இல் இந்த ரெசிஸ்டர்கள் உள்ளேயே போய்விட்டதால் கண்ணுக்குத் தெரியாது. புரிந்துகொள்ள எல்எம்317 என்ற இன்னொரு ரெகுலேட்டர் நல்லது, அதில் ரெசிஸ்டரை நாம்தான் வெளியே வைக்க வேண்டும். வெளியேறும் காலுக்கும் அட்ஜஸ்ட் காலுக்கும் நடுவில் எப்போதும் 1.25 வோல்ட் இருக்கும்படி அது பார்த்துக்கொள்ளும். அந்த இடத்தில் 240 ஓம் வைத்து, அட்ஜஸ்ட் காலிலிருந்து தரைக்கு 720 ஓம் வைத்தால், மேலே ஒரு பங்கு, கீழே மூன்று பங்கு, ஆக மொத்தம் நாலு ஒன்றேகால், ஐந்து வோல்ட். 720 என்று கடையில் கேட்டால் கிடைக்காது, மூன்று 240-ஐ வரிசையாகக் கோத்துக்கொள்ளுங்கள். இதை வடிவமைத்தவர் பாப் டாப்கின், 1976-இல், நேஷனல் செமிகண்டக்டரில் இருந்தபோது. இன்னும் கடையில் போய்க் கேட்டால் டப்பாவிலிருந்து எடுத்துத் தருகிறார்கள் என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

ஒரு கிளைக்கதை. 7805-ஐ எழுத்து தெரியும்படி முன்னால் திருப்பிப் பிடித்தால் இடமிருந்து வலமாக உள்ளே, தரை, வெளியே. எல்எம்317-க்கு அட்ஜஸ்ட், வெளியே, உள்ளே. மைனஸ் ரெகுலேட்டரான 7905-க்கு தரை, உள்ளே, வெளியே. மூன்றும் பார்வைக்கு உடன்பிறந்தவை மாதிரியே இருக்கும். மாற்றி மாட்டினால் என்ன ஆகும் என்று கேட்காதீர்கள், அந்த வாசனை எங்கள் வீட்டுத் திரைச்சீலையில் இரண்டு நாள் இருந்தது.

சரி, கோட்டுக்கு வருவோம். கால்வாய்க்குள் நட்ட அளவுகோலே மண்ணில் அமுங்கிக்கொண்டிருந்தால் ஷட்டர்க்காரர் எவ்வளவு யோக்கியராக இருந்தும் பயனில்லை. ஐசிக்குள் அந்த அமுக்கத்துக்குப் பெயர் சூடு. சிலிக்கான் டிரான்சிஸ்டரின் பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவில் 0.6, 0.7 வோல்ட் இருக்கும் என்று படித்திருப்போம், அதையே கோடாக வைத்துக்கொள்ளலாம் என்றால், அது ஒரு டிகிரி சூடு ஏறினால் ஏறத்தாழ 2 மில்லிவோல்ட் இறங்கும். ரெகுலேட்டரோ அடுப்பு மாதிரி சூடாகும் சாமான். காலையில் 30 டிகிரியில் இருந்தது மத்தியானம் 100 டிகிரி தாண்டினால், அளவுகோல் 140 மில்லிவோல்ட் அமுங்கியிருக்கும்.

இதற்குக் கண்டுபிடித்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டு டிரான்சிஸ்டர்களை வேறு வேறு அடர்த்தியில் கரண்டு ஓடும்படி வைத்தால், அவற்றின் பேஸ்-எமிட்டர் வோல்டேஜுகளுக்கு நடுவில் ஒரு சின்ன வித்தியாசம் வரும். தனித்தனியாக இரண்டும் சூட்டில் இறங்குகின்றன, ஆனால் அந்த வித்தியாசம் மட்டும் சூட்டோடு சேர்ந்து ஏறுகிறது. அந்த ஏற்றத்தை வேண்டிய அளவு பெருக்கி, இறங்குகிற ஒன்றோடு கூட்டினால், ஏற்றமும் இறக்கமும் கழிந்து ஒரு நிலையான வோல்டேஜ் நிற்கும். அது 1.2 முதல் 1.25 வோல்ட் வரை எங்கோ வந்து நிற்பதும் தற்செயல் இல்லை, சிலிக்கானின் ஆற்றல் இடைவெளியோடு அது சம்பந்தப்பட்டது, அதனால்தான் பேண்ட்கேப் என்று பெயர். இந்த எண்ணத்தை ஃபேர்சைல்டு கம்பெனியில் இருந்த டேவிட் ஹில்பைபர் 1964-இல் எழுதினார். ஒரே சில்லுக்குள் அடக்கி, மூன்று காலோடு ஐந்து வோல்ட் ரெகுலேட்டராகச் சந்தைக்குக் கொண்டுவந்தவர் பாப் விட்லர், 1970-ஐ ஒட்டி, எல்எம்109, எல்எம்309 என்ற பெயர்களில். இரண்டு குறையுள்ள பொருளைச் சேர்த்து ஒரு அளவுகோல் செய்யலாம் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது பாருங்கள்.

அடுத்து ஷட்டர்க்காரர். இவர்தான் கல்லூரியில் எனக்குப் புரியாமல் போன ஆசாமி. வெளியே வோல்டேஜ் மிகச் சரியாக ஐந்தில் நிற்கிறது, கோட்டுக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை என்று வையுங்கள். பிறகு ஆம்ப்ளிஃபயர் பெருக்குவதற்கு என்ன இருக்கிறது? பூஜ்யத்தை எத்தனை ஆயிரத்தால் பெருக்கினாலும் பூஜ்யம்தானே. ஷட்டரைத் திறந்து பிடித்திருக்கவே ஒரு சின்ன வித்தியாசம் வேண்டும். ஆகவே வெளியே வருவது எப்போதும் ஒரு மயிரிழை தப்பாகத்தான் இருக்கும், நாம் அதிகமாக உறிஞ்ச உறிஞ்ச அந்தத் தப்பும் கொஞ்சம் கூடும். பெருக்கும் சக்தி ஆயிரக்கணக்கில் இருப்பதால் தப்பு மில்லிவோல்ட் கணக்கில் அடங்கிவிடுகிறது, அவ்வளவுதான். டேட்டாஷீட்டில் லோடு ரெகுலேஷன் என்று ஒரு வரி இருக்கிறதே, அது இந்தத் தப்பின் அளவுதான். நான் அதை வருஷக்கணக்காகத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன்.

வெளியே வருவதை எடுத்து மறுபடி உள்ளே கொடுக்கும் இந்தப் பின்னூட்டத்தை நாம் எல்லோரும் காதால் கேட்டிருக்கிறோம். கொடை விழாவிலோ மாதா கோயில் திருநாளிலோ மைக்கைப் பிடித்தவர் ஸ்பீக்கர் பக்கம் போனதும் 'கீஈஈ' என்று ஒரு ஊளை வருமே, அது. வெளியே வந்தது உள்ளே போய், இன்னும் பெரிதாக வெளியே வந்து, மறுபடி உள்ளே. இதையே தலைகீழாக மாட்டினால், அதாவது வெளியே கூடினால் உள்ளே குறைக்கச் சொன்னால், ஊளைக்குப் பதில் அமைதி கிடைக்கும். இப்படி மாட்டலாம் என்று ஹரால்டு பிளாக் என்ற பொறியாளருக்குத் தோன்றியது 1927-இல், வேலைக்குப் போகும் வழியில், ஹட்சன் ஆற்றைக் கடக்கும் படகில். கையிலிருந்த செய்தித்தாளிலேயே கிறுக்கி வைத்தாராம்.

தலைகீழாக மாட்டினாலும் ஆபத்து முழுதாகப் போவதில்லை. ஷட்டர்க்காரர் திருகியது அளவுகோலில் தெரிய நேரமாகும். பொறுமையில்லாமல் அவர் இன்னும் திருகினால், தண்ணீர் கோட்டைத் தாண்டி ஏறும். பதறி மூடினால் கோட்டுக்குக் கீழே போகும். இப்படியே ஆடிக்கொண்டிருக்கலாம். ரெகுலேட்டரும் ஆடும். மூன்று காலிலும் நேராகக் கம்பியைப் பற்றவைத்துவிட்டு, 'கண்டன்சர் எதற்கு, அதுவே ரெகுலேட்டர்தானே' என்று விடுகிறவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். 7805-க்கு உள்ளே 0.33, வெளியே 0.1 மைக்ரோஃபாரட், இரண்டும் காலை ஒட்டியே, ஒரு முழம் தள்ளி இல்லை. வெளியே உள்ளது இன்னொன்றும் செய்கிறது: ஆம்ப்ளிஃபயர் திடீரென்று ஒரு 'டம்' அடித்துக் கரண்டை இழுத்தால், ரெகுலேட்டர் சுதாரிக்கும் வரைக்கும் கையிருப்பிலிருந்து கொடுத்துச் சமாளிப்பது அந்தச் சின்ன கண்டன்சர்தான். இன்னொன்று, ரெகுலேட்டர் தன் காலடியில் இருக்கும் வோல்டேஜைத்தான் பார்க்கும். அங்கிருந்து இரண்டு மீட்டர் மெல்லிய ஒயர் இழுத்து அந்த முனையில் 4.7 தான் இருக்கிறது என்று அதைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை.

இப்போது மத்தியானத் திக்குவாய்.

ஷட்டர் உவமையில் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. ஷட்டர் தண்ணீரை விழுங்குவதில்லை, மேலே எவ்வளவு நுழைகிறதோ கீழே அவ்வளவு வெளியேறும். தொலைவது உயரம். ரெகுலேட்டரிலும் ரேடியோ 300 மில்லிஆம்பியர் எடுத்தால் டிரான்ஸ்பார்மர் பக்கத்திலிருந்தும் அதே 300 தான் வருகிறது, ஐசியின் சொந்தச் செலவுக்கு ஐந்தாறு மில்லிஆம்பியர் கூட. தொலைவது வோல்டேஜ், அது சூடாக மாறித் தொலைகிறது. எங்கள் வீட்டில் மத்தியானம் 240 வோல்ட் இருக்கும். அந்த நேரம் என் 9 வோல்ட் டிரான்ஸ்பார்மர் 9.4 தரும், அந்த அலையின் உச்சம் 13.3, டயோடுக்கு 1.4 போக 11.9, கண்டன்சரின் ஏற்ற இறக்கத்தைக் கழித்துச் சராசரி ஒரு பத்தே முக்கால் என்று வையுங்கள். வெளியே ஐந்து. நடுவில் தொங்கும் ஐந்தே முக்கால் வோல்ட்டை 0.3 ஆம்பியரால் பெருக்கினால் 1.7 வாட். ரேடியோ உபயோகிப்பது 1.5 வாட்! பாட்டி கேட்கும் பாட்டைவிட, கேட்காத சூட்டுக்கு அதிகம் செலவழித்துக்கொண்டிருந்தேன்.

1.7 வாட் ஒரு பெரிய விஷயமா என்றால், ஹீட் சிங்க், அதாவது சூட்டை வெளியே கடத்தும் உலோகத் தகடு, இல்லாத 7805-க்குப் பெரிய விஷயம்தான். காற்றில் தனியாக நிற்கும் அந்த உடம்பு ஒரு வாட்டுக்கு ஏறத்தாழ 65 டிகிரி ஏறும். 1.7-க்கு 110. மூடிய மரப்பெட்டிக்குள், சித்திரை மாதத்தில், 40 டிகிரியிலிருந்து தொடங்கினால் 150. அந்த இடத்தில் ஐசிக்குள்ளே இருக்கும் காவல் விழித்துக்கொண்டு ஷட்டரை இழுத்து மூடிவிடும், ஆறியதும் திறக்கும், மறுபடி மூடும். அதுதான் திக்குவாய். ஐசி கெட்டுப்போகவில்லை, கெட்டுப்போகாமல் இருக்கத்தான் திக்கியிருக்கிறது. நான் அதைப் பிடுங்கிக் குப்பையில் போட இருந்தேன். பழைய அலுமினிய ஜன்னல் சட்டத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, நடுவில் வெள்ளைப் பேஸ்ட் தடவி முறுக்கி, பெட்டியின் பின்பக்கம் ஐந்தாறு ஓட்டை போட்டேன். மத்தியானப் பிரச்சினை அன்றே முடிந்தது.

ஏழு மணி முனகல் அப்படி முடியவில்லை.

ஏழு மணிக்கு ஊர் முழுக்க விளக்கு, டிவி, மிக்சி, சிலர் மோட்டாரும் போடுவார்கள். கம்பியின் வால் முனையில் இருக்கும் எங்களுக்கு மிச்சம்தான் வரும். மீட்டரை வைத்துப் பார்த்தேன், 170. அண்ணாச்சி சொன்னபடி ரெகுலேட்டரின் உள்பக்கத்தில் வைத்தேன், 6.8. வெளியே 4.7-க்கும் 4.8-க்கும் நடுவில் தடுமாறியது. ஐந்து வேண்டும், உள்ளே ஏழுக்குப் பக்கத்தில் இருக்கிறது, பிறகென்ன என்றுதான் முதலில் நினைத்தேன்.

இங்கே இரண்டு சூது. முதலாவது, 7805-க்கு ஐந்து கொடுக்க ஐந்து போதாது, ஏழு வேண்டும். உள்ளே இருக்கும் ஷட்டர் டிரான்சிஸ்டர், ஒன்றை ஒன்று தூக்கிவிடும் இரண்டு டிரான்சிஸ்டர் சேர்ந்த ஜோடி. வெளியேறும் வோல்டேஜுக்கு மேலே ஒவ்வொன்றுக்கும் ஒரு 0.7, அந்த ஜோடிக்குக் கரண்டு ஊட்டுகிறவருக்கும் கொஞ்சம் இடம், ஆக இரண்டு வோல்ட் தலைக்கு மேல் காலியிடம் வேண்டும். மாத்தூர் தொட்டிப்பாலத்தில் நடந்து போனவர்களுக்கு இது சட்டென்று புரியும். பறளியாற்றுப் பள்ளத்துக்கு மேலே 115 அடி உயரத்தில் கால்வாய்த் தண்ணீர் இந்த மலையிலிருந்து அந்த மலைக்குப் போகிறது. பார்வைக்கு மட்டமாகத் தெரியும், ஆனால் நுழையும் பக்கம் வெளியேறும் பக்கத்தைவிடக் கொஞ்சம் உயர்ந்திருக்கத்தான் வேண்டும். அந்த இறக்கத்தைப் பறித்தால் எத்தனை கெட்டிக்காரரை ஷட்டரில் நிறுத்தினாலும் தண்ணீர் நகராது. அவர் செய்யக்கூடியது முழுசாகத் திறந்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது.

இரண்டாவது சூது மீட்டருடையது. 6.8 என்று அது காட்டியது சராசரி. 170 வோல்ட்டில் என் டிரான்ஸ்பார்மர் 6.65 தருகிறது, உச்சம் 9.4, டயோடு போக 8. கண்டன்சர் 8 வரை நிரம்பி, அடுத்த உச்சம் வரும் வரை ரேடியோவுக்குக் கொடுத்துக் கொடுத்து வற்றுகிறது. 50 சைக்கிள் கரண்டைப் பிரிட்ஜ் போட்டு எடுத்தால் வினாடிக்கு நூறு உச்சம், இரண்டு உச்சத்துக்கு நடுவில் பத்து மில்லிவினாடி. 1000 மைக்ரோஃபாரட்டிலிருந்து 0.3 ஆம்பியர் பத்து மில்லிவினாடி எடுத்தால் மூன்று வோல்ட் வற்றும். நடைமுறையில் நடுவிலேயே நிரம்பத் தொடங்குவதால் இரண்டரைக்குப் பக்கம் வையுங்கள். அப்படியென்றால் வினாடிக்கு நூறு தடவை உள்ளே ஐந்தரை வரை போய்த் திரும்புகிறது. ஒவ்வொரு தடவையும் ஷட்டர் முழுசாகத் திறந்து கைவிரித்து நிற்கிறது, உள்ளே உள்ள பள்ளம் அப்படியே வெளியே தெரிகிறது, பாட்டியின் காதில் நூறு சைக்கிள் 'ம்ம்ம்' ஆக விழுகிறது. பகலில் ஏன் கேட்கவில்லை? பகலிலும் அதே இரண்டரை வோல்ட் ஏற்ற இறக்கம் உள்ளே இருந்தது, ஆனால் தலைக்கு மேல் இடம் இருந்ததால் 7805 அதை ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே அமுக்கிவிட்டது. அந்த வேலையின் அருமை ஏழு மணிக்குத்தான் தெரிந்தது.

தீர்வு என்று முதலில் தோன்றியது 12 வோல்ட் டிரான்ஸ்பார்மர். நல்லவேளை, கடைக்குப் போகும் முன் தாளில் கணக்குப் போட்டேன். சாயங்காலம் முனகல் போய்விடும், ஆனால் மத்தியானம் 240-இல் ஐசி தலையில் மூன்று வாட்டுக்குப் பக்கம் ஏறும், மறுபடி திக்குவாய். இந்தப் பக்கம் இழுத்தால் அந்தப் பக்கம் வெளியே தெரியும் போர்வை. மேலே ஏற்றினால் சூடு, கீழே இறக்கினால் முனகல், இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சந்துக்குள்தான் இந்த ஐசி நிலையாக நிற்கும், சந்தை அகலமாக்குவது கட்டுகிறவன் பொறுப்பு. மூன்றாவது தாளில்தான் எனக்கு இது உறைத்தது.

தம்பி கேட்டான், பழைய செல்போன் சார்ஜர் ஒன்றை உள்ளே வைத்தால் முடிந்ததே என்று. நியாயமான கேள்வி. சார்ஜர் ஷட்டர் மாதிரி உயரத்தைத் தொலைப்பதில்லை. கோதையாறு மின்நிலையத்தில் தண்ணீர் விழும் உயரத்தை வீணாக்காமல் கரண்டாக்குகிறார்களே, அந்த மாதிரி, கிடைப்பதை வேகமாகத் திறந்து மூடி, காயிலில் சேமித்து, பெரும்பகுதியைப் பயனாக்கிவிடும். சூடும் குறைவு, 170-க்கும் அசராது. வைத்தும் பார்த்தேன். அந்தத் திறந்து மூடும் வேலை ஒவ்வொரு வினாடியும் பல்லாயிரம் தடவை நடப்பதால் அதன் இரைச்சல் ரேடியோவுக்குள் புகுந்து, வானொலிக்குப் பின்னால் மழை பெய்கிற மாதிரி 'ஸ்ஸ்ஸ்'. என் கையில் இருந்தது மட்டமான சார்ஜர், நல்லதில் இவ்வளவு இருக்காது. ஆனாலும் ரேடியோ, ஆடியோ, நுணுக்கமாக அளக்கும் கருவி என்றால் இன்றும் கடைசிக் கட்டத்தில் ஒரு லீனியர் ரெகுலேட்டரை வைக்கிறார்கள். செல்போனுக்குள்ளேயே இப்படிப் பல இருக்கின்றன.

தலைக்கு மேல் குறைவான இடத்தில் வேலை செய்யும் வகையும் உண்டு. எல்எம்2940 ஒரு ஆம்பியரிலும் அரை வோல்ட் இருந்தால் போதும் என்கிறது, ஷட்டரில் வேறு இனமான பிஎன்பி டிரான்சிஸ்டரைப் போட்டிருப்பதால். ஆனால் அது வெளிப்பக்கக் கண்டன்சரில் பெரிய கெடுபிடி: 22 மைக்ரோஃபாரட்டுக்குக் குறையக் கூடாது, அதன் உள்தடை மிக அதிகமாகவும் இருக்கக் கூடாது, மிகக் குறைவாகவும் இருக்கக் கூடாது. நல்ல செராமிக் கண்டன்சரைப் பெருந்தன்மையாக வைத்தால் ஆடத் தொடங்கிவிடும். என் கணக்கில் ஐந்தரை வரை இறங்கும் பள்ளத்துக்கு அதுவும் விளிம்பில்தான் நிற்கும். விட்டுவிட்டேன்.

கடைசியில் செய்தது சப்பென்று இருக்கும். 1000-ஐக் கழற்றிவிட்டு 4700 மைக்ரோஃபாரட் வைத்தேன். வற்றல் மூன்று வோல்ட்டிலிருந்து 0.64-க்கு வந்தது, 170-இலும் பள்ளம் 7.36-க்குக் கீழே போகாது. விளிம்பில் நிற்பது பிடிக்காததால் நாலு டயோடையும் மாற்றி 1என்5819 ஷாட்கி போட்டேன், அதில் இன்னொரு அரை வோல்ட்டுக்கு மேல் மிச்சம். அண்ணாச்சி கடையில் இரண்டையும் வாங்கும்போது அவர் ஒன்றும் கேட்கவில்லை, பழைய 7805-ஐ என்ன செய்தேன் என்று மட்டும் கேட்டார். அதுவேதான் ஓடுகிறது என்றேன். சிரித்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை ஏழரை மணிக்குத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். குண்டு பல்பு செம்மண் நிறத்துக்கு மங்கியிருந்தது, ஃபேன் றெக்கையை எண்ணிவிடலாம், ரேடியோ மட்டும் கணீரென்று பாடியது. பாட்டி மூன்றையும் மாறி மாறிப் பார்த்தாள். "எல்லாத்துக்கும் ஒரே கரண்டுதானே மக்களே, அதுக்கு மட்டும் எப்படி?" என்றாள். உள்ளே ஒரு கறுப்புச் சாமான் இருக்கிறது, அது பார்த்துக்கொள்ளும் என்றேன், அணை, ஷட்டர் என்று ஆரம்பித்தேன். பாதியில் கையமர்த்திவிட்டாள்.

"பின்ன அந்தக் கறுப்புச் சாமான்ல ஒண்ணு ஃபேனுக்கும் வச்சுத் தா."

குறைக்கத்தான் தெரியும், கூட்டத் தெரியாது என்று எப்படிச் சொல்லிப் புரியவைப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஸ்டெபிலைசர் விலை விசாரித்து வைத்திருக்கிறேன்.